அயு மீனின் குளிர்நீர் நோய்: பண்ணை ஆற்றுக்குக் கொடுத்ததா, ஆறு பண்ணைக்குக் கொடுத்ததா?

ஜூன் 9 (கேள்வி)

ஜப்பானில் கிஃபு மாகாணத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. சனிக்கிழமை ஆற்றங்கரையில் நடந்தபோது அயு என்கிற இங்கத்து ஆற்று மீன்கள் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தன. வால் பக்கத்தில் குழி விழுந்த மாதிரி புண். பண்ணையில் வளர்த்த குஞ்சுகளை லாரியில் கொண்டுவந்து ஆற்றில் கொட்டுகிறார்கள், நோய் அதனால்தான் வருகிறது என்று கூட வேலை செய்பவர் சொன்னார். அப்படியானால் குஞ்சு விடுவதை நிறுத்தினால் ஆறு தானாகச் சரியாகிவிடும்தானே? இங்கே அயு பிடிக்கிற தமிழர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஜூன் 9, இரவு

பதினோரு வருடமாக அயு பிடிக்கிறேன். நிறுத்தினால் சரியாகாது. உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை, அந்தப் பாதி முக்கியமானதும்கூட. மீதிப் பாதிக்கு வருகிறேன்.

நீங்கள் பார்த்தது ரெய்சுய்பியோ, அதாவது குளிர்நீர் நோய். அடுத்த முறை ஒரு மீனை எடுத்து மூன்று இடம் பாருங்கள். செவுள் ரத்தமில்லாமல் வெளுத்திருக்கும். கீழ்த்தாடை அரித்துப் போயிருக்கும். விலாவிலோ வால் தண்டிலோ சதை தெரிய ஓட்டை இருக்கும். எல்லா மீனிலும் மூன்றும் இருக்காது, சிலதில் செவுள் வெளுப்பு மட்டும்தான். கிருமியின் பெயர் ஃப்ளேவோபாக்டீரியம் சைக்ரோஃபிலம். குளிரை விரும்பும் பாக்டீரியா. அயு மீனை இது தாக்குவது பெரும்பாலும் தண்ணீர் 16 முதல் 20 டிகிரி இருக்கும்போது. மழைக்காலம் தொடங்கி, ஆறு கலங்கி, தண்ணீர் திடீரென்று இரண்டு மூன்று டிகிரி இறங்கும் நாட்களில் மீன் சோர்ந்துவிடும். இப்போது நடப்பது அதுதான்.

ஜூன் 10

குஞ்சு விடுவதை ஏன் சட்டென்று நிறுத்த முடியாது என்று சொல்ல வேண்டும். ஜப்பானில் ஆற்றுப் பகுதியின் மீன்பிடி உரிமை உள்ளூர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடம் இருக்கிறது. அந்த உரிமையோடு மீன்வளத்தைப் பெருக்கும் கடமையும் சட்டப்படி ஒட்டிக்கொண்டு வருகிறது. நாம் வாங்கும் அனுமதிச் சீட்டுக் காசு அதற்குத்தான் போகிறது. அணையும் தடுப்பும் வந்த ஆறுகளில் கடலிலிருந்து ஏறி வரும் அயு குறைந்துவிட்டது. சங்கம் குஞ்சு விடாவிட்டால் பல இடங்களில் மீனே இருக்காது.

இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. ஷிகா மாகாணத்தின் பிவா ஏரியில் அயு இருக்கிறது, ஆனால் விரல் நீளத்துக்கு மேல் வளராது. அது தனி இனம் என்றே நினைத்திருந்தார்கள். 1913ல் இஷிகாவா சியோமாட்சு என்ற பேராசிரியர் அந்தக் குட்டை மீன்களைத் தோக்கியோ பக்கத்துத் தாமா ஆற்றில் கொண்டுபோய் விட்டார். அவை சாதாரண ஆற்று அயு அளவுக்கு வளர்ந்தன. அதற்குப் பிறகு பிவா ஏரிக் குஞ்சு நாடு முழுக்கப் போக ஆரம்பித்தது. முதலில் ரயில், அப்புறம் லாரி. குளிர்நீர் நோய் வந்தபோது இந்தப் பாதைகள் எல்லாம் எழுபது வருடமாகத் தயாராக இருந்தன. அயு மீனில் இந்த நோயை முதலில் பார்த்தது 1987ல். அடுத்த பத்துச் சொச்ச வருடத்தில் குஞ்சு போன ஆறுகளில் எல்லாம் செத்த மீன் ஒதுங்கியது.

ஜூன் 10, சற்றுப் பிறகு

மேலே எழுதியதைப் படித்தால் நோய் பிவா ஏரியில் பிறந்தது போலத் தோன்றுகிறது. அப்படிச் சொல்ல வரவில்லை. 1987ல் அதைக் கண்டது தோகுஷிமாவில், வளர்ப்பு அயு மீனில். பிவா குஞ்சு போன பாதைகளில் அது பரவியது. பிறந்த இடம் வேறு, பரவிய பாதை வேறு. இதே பாக்டீரியாவை அமெரிக்காவில் 1940களிலேயே பார்த்திருக்கிறார்கள், வாஷிங்டன் மாநிலத்துக் கோஹோ சால்மனில். ஆனால் சால்மனுக்கு உறவான ட்ரவுட் மீனைக் கொல்லும் வகையும் அயுவைக் கொல்லும் வகையும் ஒன்றல்ல. ட்ரவுட்டிலிருந்து எடுத்ததை அயுவுக்கு ஏற்றிப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. பக்கத்து ட்ரவுட் பண்ணையைக் குறை சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஜூன் 14

கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: "பாதி உண்மை என்றீர்கள், மீதிப் பாதி எங்கே?"

மீதிப் பாதி நம் கையில் இருக்கும் டப்பாவில்.

அயு பிடிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். வளர்ந்த அயு புழு தின்னாது, கல்லில் படிந்த பாசியைத்தான் சுரண்டித் தின்னும். பிடித்தவுடன் முகர்ந்தால் நறுக்கிய வெள்ளரிக்காய் வாசனை. ஒவ்வொரு மீனும் தனக்கென்று ஒரு பாய் அளவு இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு காவல் காக்கும். வேறு அயு உள்ளே வந்தால் பாய்ந்து முட்டும். இந்தக் குணத்தை வைத்துப் பிடிப்பதுதான் தோமோசுரி. உயிருள்ள ஒரு அயுவின் மூக்கில் சின்ன வளையம் மாட்டி, அதன் பின்னால் முள் தொங்கவிட்டு, ஒன்பது மீட்டர்க் கோலால் அதைக் கல்லுக்குக் கல் நடத்திச் செல்வோம். காவல் மீன் முட்ட வரும், முள்ளில் மாட்டும். உள்ளே விடும் மீனை ஒதோரி என்பார்கள். பழைய தமிழில் இதற்குச் சரியான சொல் இருக்கிறது. மற்ற மானை வரவழைக்க வேடர் கட்டி வைக்கும் மானுக்குப் பார்வை என்று பெயர். எங்கள் ஊரில் கவுதாரி பிடிப்பவர்கள் கூண்டுக்குள் வைப்பதும் அதுதான். நான் பார்வை மீன் என்றே எழுதுகிறேன்.

ஆற்றங்கரைக் கடையில் காலையில் இரண்டு பார்வை மீன் வாங்குவோம். ஒன்று மாட்டியதும் புதிதாகப் பிடித்ததே அடுத்த பார்வை. சாயங்காலம் ஏர் பம்ப் வைத்த டப்பாவில் ஏழெட்டு மீன் உயிரோடு மீந்திருக்கும். மறுநாளும் விடுமுறை, வேறு ஆறு, கடையில் மறுபடி ஆயிரம் யென் எதற்கு என்று தோன்றும். டப்பா காரில் ஏறும்.

ஒரு லாரிக் குஞ்சு வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் வருகிறது. டப்பாக்கள் ஜூன் முழுக்க, எல்லா வார இறுதியும், மலை தாண்டிப் போகின்றன. எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை.

ஜூன் 14, இரவு

இதை எழுதாமல் விட்டால் மேலே எழுதியது முழுதாகாது.

ஐந்தாவது வருட ஜூன் மாதம். சனிக்கிழமை ஒரு ஆற்றில் நன்றாக மாட்டியது. நான்கு மீனை டப்பாவில் வைத்துக்கொண்டு, வீட்டு வாசலில் இரவு முழுக்க பம்ப் ஓடவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கணவாய் தாண்டி, வேறு கடலுக்குப் போகிற இன்னொரு ஆற்றுக்குப் போனேன். அங்கே கடையும் குறைவு, ஆளும் குறைவு. ஒரு மீனின் தாடைக்குக் கீழ் சிவந்திருந்தது. கோலில் அடிபட்டிருக்கும் என்று நினைத்தேன். அதையும் தண்ணீரில் விட்டு நடத்தினேன். மத்தியானம் சோர்ந்துபோனதும் வளையத்தைக் கழற்றி ஓரத்தில் விட்டுவிட்டேன். பாவம், பிழைத்துப் போகட்டும் என்றுதான் விட்டேன்.

பதினைந்து நாள் கழித்துப் போனேன். அந்த மடுவில், நான் நின்ற கல்லுக்குக் கீழே, ஒன்பது எண்ணினேன். அதற்கு மேல் எண்ணவில்லை. என் மீனால்தான் என்று நிரூபிக்க முடியாது. இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது.

ஜூன் 21

எனக்குத் தூண்டில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். எழுபத்தெட்டு வயது, சங்கத்தில் நாற்பது வருடமாக இருக்கிறார். ஷிஷோ என்றுதான் கூப்பிடுவேன், குரு என்று பொருள். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையை இத்தனை வருடம் அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதியபின் சொல்லாமல் இருக்க முடியவில்லை, நேற்றுப் போய்ச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அந்த ஆற்றில் நீ வருவதற்கு இருபது வருடம் முன்பே அது இருந்தது" என்றார். எனக்கு ஆறுதலாக இருந்தது. கிளம்பும்போது வாசல் வரை வந்து இன்னொன்றும் சொன்னார்: "முன்பே இருந்தது என்பதால் நீ கொண்டுபோனது கணக்கில் வராமல் போகாது. ஒவ்வொரு வருடமும் பழைய அயு எல்லாம் செத்துவிடுகிறது. புதிதாக யாரோ கொண்டுவர வேண்டியிருக்கிறது."

அவர் சொன்னதை நேற்றிலிருந்து யோசிக்கிறேன். அயு ஒரு வருட மீன். இலையுதிர் காலத்தில் முட்டையிட்டுச் சாகும். குஞ்சு கடலுக்குப் போய்விடும். அப்படியானால் குளிர்காலத்தில் ஆற்றில் நோய் அறுந்து போயிருக்க வேண்டுமே?

ஜூன் 22

அறுந்து போவதில்லை என்று தெரிகிறது. ஒய்காவா போன்ற மற்ற ஆற்று மீன்களிலும் இதே பாக்டீரியாவைக் கண்டிருக்கிறார்கள். அவை வருடம் முழுக்க ஆற்றில் இருப்பவை. முதல் கேள்விக்கு நேரடிப் பதில் இதுதான். லாரியை நிறுத்தினாலும் ஆறு கிருமியைக் கொஞ்சம் வைத்துக்கொண்டிருக்கும். ஆனால் ஷிஷோ சொன்னதும் தவறில்லை. கொஞ்சமாக இருப்பது வேறு, ஜூன் மாதத்தில் சோர்ந்த மீன்களுக்கு நடுவே புதிதாகப் பத்தாயிரம் குஞ்சோ நான்கு பார்வை மீனோ வந்து சேர்வது வேறு.

ஜூலை 2

பண்ணைக்காரர்களைப் பற்றி இதுவரை ஒரு பக்கமாகவே எழுதிவிட்டேன். நேற்று சங்கத்தோடு ஒரு குஞ்சுப் பண்ணைக்குப் போயிருந்தேன். வாசலில் கிருமிநாசினித் தொட்டி, அதில் பூட்ஸை முக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு தொட்டிக்கும் தனி வலை, தனி வாளி. அந்தப் பண்ணை நிலத்தடி நீரில் ஓடுகிறது. முன்பு ஆற்று நீரில் ஓடிய காலத்தில் மேலே ஆற்றில் நோய் வந்தால் நான்காவது நாள் தொட்டியில் வருமாம். "எங்களிடமிருந்து ஆற்றுக்குப் போகிறது என்கிறார்கள். எங்களுக்கு வாசல் வழியாக வந்தது ஆற்றிலிருந்துதானே" என்றார் அங்கே வேலை செய்பவர். குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. ஆற்று நீர் பண்ணைக்குள் வருகிறது, பண்ணை நீர் ஆற்றுக்குத் திரும்புகிறது. இதில் எது முதல் என்று இழை முழுக்கச் சண்டை போடலாம், பயன் இல்லை.

நோய் தென்பட்டால் அவர்கள் செய்வது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தொட்டி நீரை 28 டிகிரிக்குச் சூடேற்றி மூன்று நாள் வைத்திருக்கிறார்கள். அந்தச் சூட்டில் இந்தப் பாக்டீரியாவால் பெருக முடியாது, அயு தாங்கிக்கொள்ளும். மருந்து இல்லாமல் பெரும்பகுதி மீன் பிழைக்கிறது, மறுபடி அதே நோய் வந்தால் தாங்கும் சக்தியும் கூடுகிறது. செலவு எரிபொருளுக்கு. ஆக்ஸிஜன் குறையாமல் இரவெல்லாம் ஆள் விழித்திருக்க வேண்டும்.

ஜூலை 2, ஒரு வரி

டப்பாவில் வெந்நீர் ஊற்றிப் பார்க்காதீர்கள். தனி மடலில் ஒருவர் கேட்டார்.

ஜூலை 24

தண்ணீர் 24 டிகிரி. புண் மீன் கண்ணில் படவில்லை. ஒவ்வொரு வருடமும் இந்த நேரத்தில் "நோய் போய்விட்டது" என்று எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

ஆகஸ்ட் 17

வெயில் கொளுத்துகிறது, ஒருவர் வயிறு வீங்கி, ஆசனவாய் சிவந்த அயு படம் போட்டிருக்கிறார். குளிர்நீர் நோயா என்று கேட்கிறார். இந்தச் சூட்டில் அது வராது. எட்வர்ட்சியெல்லா இக்டலூரி என்று இன்னொரு பாக்டீரியா இருக்கிறது. அமெரிக்காவில் கேட்ஃபிஷ் பண்ணைகளில் 1970களில் கண்ட கிருமி அது. 2007 கோடையில் இங்கே தோக்கியோ, ஹிரோஷிமா, யாமகுச்சி ஆறுகளில் அயு கொத்துக் கொத்தாகச் செத்தபோது எடுத்துப் பார்த்தால் அதுதான். படத்தில் இருப்பதும் அதுவாக இருக்கலாம், மாகாண மீன்வள ஆய்வு நிலையத்துக்குக் கொடுங்கள், சோதித்துச் சொல்வார்கள்.

ஜூலையில் 28 டிகிரியை அவ்வளவு புகழ்ந்துவிட்டேன். இந்தக் கிருமிக்குச் சூடு பிடிக்கும். ஒரே தொட்டியில் இரண்டும் இருந்தால், குளிர்நீர் நோய்க்குச் செய்யும் வைத்தியமே மற்றதை வளர்த்துவிடும். முதலில் எது என்று சோதிக்காமல் சூடேற்றக் கூடாது. இதை அன்றே எழுதியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 20

"எங்கள் ஊர் ஏரியில் விரால் மீன் மேல் சிவப்புப் புண் வருமே, அதுவும் இதுதானா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கும் ஞாபகம் இருக்கிறது. சிறுவயதில் ஒரு மழைக்காலம், சந்தையில் குளத்து மீனை யாரும் தொடவில்லை. அம்மா கருவாடு மட்டும் வாங்கினார். அதுவும் பாக்டீரியா நோய்தான், ஆனால் வேறு வகை.

ஆகஸ்ட் 21

நேற்று எழுதியது தவறு. அந்தப் புண் நோய்க்கு மூலக் காரணம் நீர்ப்பூஞ்சை வகை, அஃபனோமைசிஸ் என்று பெயர். அது தோலைத் துளைத்த பிறகு பாக்டீரியா புண்ணில் வந்து குடியேறும், அதனால்தான் சோதித்தால் பாக்டீரியாவும் கிடைக்கும். இந்தியாவுக்குள் 1988ல் வடகிழக்கு வழியாக வந்து தெற்கே இறங்கியது. திருத்தியவருக்கு நன்றி. மீன் மேல் புண் என்றால் ஒரே நோய் என்று நானே நினைத்துவிட்டேன்.

செப்டம்பர் 15

வேறு நாட்டில் யாராவது இதில் ஜெயித்திருக்கிறார்களா என்ற கேள்விக்கு நார்வேயைச் சொல்லலாம். 1985ல் ஸ்காட்லாந்திலிருந்து வாங்கிய சால்மன் குஞ்சுகளோடு ஃபுருங்குலோசிஸ் என்ற கொப்புள நோய் உள்ளே வந்தது. இதுவும் பாக்டீரியா. 1992க்குள் சுமார் 550 பண்ணைகளுக்கும் 74 ஆறுகளுக்கும் போய்விட்டது. கடல் கூண்டுகளிலிருந்து தப்பிய சால்மன்கள் முட்டையிட ஆறு ஏறும்போது கிருமியையும் மேலே கொண்டுபோயின. அங்கே லாரியும் டப்பாவும் தேவைப்படவில்லை, மீனே சுமந்து போனது.

காப்பாற்றியது தடுப்பூசி. 1990களின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு குஞ்சுக்கும் வயிற்றில் ஊசி. 1987ல் ஏறக்குறைய 50 டன் ஆன்டிபயாடிக் கொட்டிய மீன்பண்ணைத் தொழில், அந்தப் பத்தாண்டின் முடிவில் ஒரு டன் பக்கம் வந்துவிட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது. ஆனால் அது பல வருடம் வாழ்ந்து பல கிலோ எடை போடும் மீன். நாம் ஆற்றில் விடும் அயு பத்து கிராம், ஐந்தாறு மாதத்தில் ஆயுள் முடிகிறது.

ஒருவர் "ஆற்றையே சுத்தம் செய்ய முடியாதா" என்கிறார். நார்வேயில் கைரோடாக்டிலஸ் என்ற ஒட்டுண்ணிக்காக ரோட்டெனோன் என்ற நஞ்சை ஊற்றி ஆற்று மீன் முழுவதையும் கொன்று, பிறகு புதிதாக மீன் விட்டிருக்கிறார்கள். அது மீன் உடம்பை விட்டு வாழத் தெரியாத ஒட்டுண்ணி, மீன் போனால் அதுவும் போகும். பாக்டீரியாவுக்கு அப்படி ஒரு வழி கிடையாது. அப்படி ஒரு வழி இருந்திருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அக்டோபர் 12

சீசன் முடிகிறது. மீன்கள் கறுத்து, வயிறு பெருத்து, கீழே இறங்குகின்றன. எங்கள் சங்கம் இந்த வருடம் பிவா குஞ்சுக்குப் பதில் கடலிலிருந்து ஏறிவந்த அயுவைத் தாய் மீனாகப் பிடித்து முட்டை எடுக்கிறது. காரணம் இரண்டு. குளிர்நீர் நோயைக் கடல் வழி அயு பிவா அயுவைவிட நன்றாகத் தாங்குகிறது. இரண்டாவது, பிவா மீன் சீக்கிரமே முட்டையிட்டுவிடும். அந்தக் குஞ்சுகள் இன்னும் சூடாக இருக்கும் கடலுக்குப் போய்ச் செத்துவிடும். அதனால் எத்தனை வருடம் விட்டாலும் அடுத்த வருடத்துக்கு மிச்சமில்லை. ஆனால் பிவா மீனுக்குச் சண்டைக் குணம் அதிகம், தூண்டிலில் நன்றாக முட்டும். அதைத்தான் விட வேண்டும் என்று கேட்பவர்கள் நாம்தான், சங்கம் அல்ல.

தாய் மீன் பிடிக்க உதவிக்குப் போயிருந்தேன். ஆற்று மீனைப் பண்ணைக்குள் கொண்டுபோகும் வண்டியில் நானே உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஒவ்வொரு மீனாகத் தூக்கி செவுள், தாடை, வால் பார்த்தார்கள். சந்தேகமானதைத் தனியே போட்டார்கள். முப்பத்து இரண்டில் மூன்று தள்ளுபடி. பார்வைக்கு நன்றாக இருக்கும் மீனும் கிருமியைச் சுமக்கலாம் என்பதால் மீதியையும் தனித் தொட்டியில்தான் வைத்தார்கள். சால்மன் இனத்தில் இந்தப் பாக்டீரியா முட்டைக்குள்ளேயே போய்விடுவதால் மேலே கழுவினாலும் போதாது.

ஜூன் மாதம் நான் எழுதியதில் ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். லாரியைவிட டப்பா மோசம் என்கிற மாதிரி எழுதியிருந்தேன். அன்று குற்ற உணர்வில் எழுதினேன். ஒரு நோயுற்ற லாரி ஒரு மணி நேரத்தில் செய்வதை என் டப்பா பத்து வருடத்தில் செய்ய முடியாது. ஆனால் லாரி வரும்போது இப்போது சோதனை இருக்கிறது. டப்பாவை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

அக்டோபர் 29

முதலில் கேள்வி கேட்டவர் அடுத்த வருடம் தோமோசுரி கற்றுக்கொள்ளப் போகிறாராம். மிகவும் சந்தோஷம். "பார்வை மீன் எங்கே வாங்குவது, மிஞ்சினால் என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறார்.

எந்த ஆற்றில் நிற்கப் போகிறீர்களோ அந்தக் கரைக் கடையில் வாங்குங்கள். வேறு ஆற்றிலிருந்து கொண்டு வராதீர்கள். வீட்டுக்கு வந்ததும் டப்பா, வலை, காலணி எல்லாவற்றையும் கழுவி வெயிலில் நன்றாகக் காயவையுங்கள், ஈரத்தோடு அடுத்த ஆற்றில் இறங்காதீர்கள். மிஞ்சிய மீனை ஆற்றில் விட வேண்டாம், எடுத்துப் போகவும் வேண்டாம். இந்தக் கிருமி மனிதனுக்கு வராது. குடலை எடுக்காமல், வால் மேலும் துடுப்பு மேலும் கல்லுப்பு நிறையத் தடவி, குச்சியில் வளைத்துக் குத்தி, கரி நெருப்புக்குக் கொஞ்சம் தள்ளி நட்டு வையுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஷிஷோ தலையிலிருந்து சாப்பிடுவார். ஜூன் முதல் வாரம் காலை ஐந்து மணிக்கு நான் வருகிறேன், கோல் என்னிடம் இரண்டு இருக்கிறது.